காலியாகத் திரும்பும் விமானமும் ஒரு காலண்டர் ஆர்டரும்

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் வந்த அன்றே, "மேடம், நீங்க எத்தனை மணி நேரம் பறந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டீர்கள். எல்லாவற்றையும் கூட்டினால் நாற்பது நிமிஷம் தேறும். அதிலும் பாதி நேரம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தேன்.

என் வேலை விமானத்தைக் கிளப்புவது அல்ல, கிளம்பக் கூடாத சமயத்தில் கிளம்பாமல் பார்த்துக்கொள்வது. நீங்களும் அந்த வேலைக்குத்தான் வந்திருக்கிறீர்கள். விசிட்டிங் கார்டில் 'நிர்வாகி' என்று அழகாக அச்சடித்துத் தருவார்கள். ஆனால் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவரிடமே "முடியாது" என்று சொல்வதுதான் அந்தக் கார்டுக்கு அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு மறுநாளும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் கொஞ்சம் சாமர்த்தியம் தேவைப்படும்.

எங்கள் விமானத்துக்கு நான்கு முதலாளிகள். இரண்டு பேர் பட்டாசு, ஒருவர் தீப்பெட்டி, ஒருவர் காலண்டர் அச்சகம். ஆளுக்குக் கால் பங்கு. விமானம் நான்கு இருக்கை கொண்ட சின்ன உருப்படி, மதுரை விமான நிலையத்தில் ஓர் ஓரமாக நிற்கும். அதன் அலுவலகம் என்று சொல்லப்பட்டது திருத்தங்கலில் காலண்டர் அச்சகத்தின் மாடியில் ஓர் அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே என் டீ டம்ளர் நகர்ந்து போகும். அங்கே உட்கார்ந்துதான் பதினான்கு வருஷம் அந்த விமானத்தைக் கட்டி மேய்த்தேன்.

அதற்கு முன் சிவகாசியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தேன். அங்கே எனக்கு நல்ல பெயர். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போன லாரி திரும்பும்போது காலியாக வந்தால் அது என் மானப் பிரச்சினை. நாசிக்கில் வெங்காயம், இந்தூரில் பருப்பு என்று எதையாவது பிடித்து ஏற்றி, விருதுநகர் மார்க்கெட்டில் இறக்காமல் விடமாட்டேன். எங்கள் ஊரில் தொழில் செய்கிற யாருக்கும், திரும்பி வருகிற வண்டி காலியாக வந்தால் சோறு இறங்காது. அந்தப் புத்தியோடுதான் நான் விமானத்துக்கு வந்து சேர்ந்தேன். என் முதல் தவறும் அங்கேதான் நடந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். ஒரு முதலாளியைக் கோயம்புத்தூரில் இறக்கிவிட்டு விமானம் சும்மா திரும்பப்போகிறது. எனக்குக் கை பரபரத்தது. அங்கே தெரிந்த ஒரு மில்காரரைப் பிடித்தேன். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மதுரை வர வேண்டும், எரிபொருள் செலவில் பாதியைக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். சாதித்துவிட்டேன் என்று நினைத்து அவர்களை அனுப்பி வைத்தேன். பத்து நிமிஷத்தில் விமானத்தை ஓட்டும் கேப்டன் போன் செய்தார்.

"யாருங்க இவங்க?"

"ரிட்டர்ன் லோடு, கேப்டன்."

 அவர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அந்த இரண்டு பேரையும் மரியாதையாக இறக்கி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டு, காலியாகவே திரும்பி வந்தார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் விருதுநகர் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஓர் அதிகாரி, என் வயதுக்காரர்தான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். அவரிடம் போய்க் கேப்டனைப் பற்றிப் புகார் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏங்க, உங்க வீட்டு வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டுனா என்ன செய்வாக?"

"பிடிச்சுருவாக."

"ஆகாசத்துல மட்டும் விட்டுருவாகளா? உங்க பிளேனுக்கு இருக்கது வெள்ளை போர்டு. மஞ்சள் போர்டு வேணும்னா அதுக்குத் தனி அனுமதி, தனிச் சோதனை, தனி ஆளுக எல்லாம் வேணும். வாங்கியிருக்கீகளா?"

வாங்கவில்லை. அவர் விளக்கியதை நான் அன்றைக்குப் புரிந்துகொண்ட விதத்திலேயே சொல்கிறேன். பங்குதாரர்கள் செலவைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம். அவர்கள் குடும்பம் ஏறலாம், விருந்தாளி ஏறலாம். ஆனால் ஏறுகிற விருந்தாளி அதற்குப் பதிலாக எதுவுமே தரக் கூடாது. பணமாகவும் கூடாது, பொருளாகவும் கூடாது, காரியமாகவும் கூடாது. தந்தால் அது வாடகை. வாடகை என்று ஆகிவிட்டால் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார். "வண்டிக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா அந்த ரெண்டு பேர் வீட்டுக்கும் நீங்கதான போகணும்? ஒத்தக் காசு வராதுன்னு அந்தப் பொம்பளைககிட்ட எப்படிச் சொல்லுவீக?"

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பினேன். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கேப்டனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். விதியைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒரு வகை. அது எந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று தெரிந்துகொள்வது இன்னொரு வகை. நீங்கள் இரண்டாவதைத் தெரிந்துகொள்ளுங்கள், முதலாவது தானே மனதில் நிற்கும்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு தனிக் கதை. பணம் வாங்கக் கூடாது என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஒருவர், "பணம்தானம்மா கூடாது, ரெண்டு மூடை உளுந்து இறக்கிருதேன்" என்றார். இன்னொருவர், கோயில் கும்பாபிஷேகத்துக்கு விமானத்திலிருந்து பூத் தூவ வேண்டும், கைம்மாறாக நான்கு முதலாளிகளுக்கும் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்துவிடுகிறோம் என்றார். பரிவட்டம் வாடகையில் சேருமா என்று கேட்க எனக்கே வெட்கமாக இருந்ததால், பூத் தூவவே முடியாது என்று சொல்லிவிட்டேன். தீபாவளிப் பட்டாசுப் பெட்டியை நீட்டியவர்களும் உண்டு. பட்டாசு வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கே பட்டாசு கொடுக்கும் தைரியத்தை எங்கள் பக்கம்தான் பார்க்கலாம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தள்ளிவிடலாம். சிரிக்க முடியாத ஒரு காலை வந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை.

அது ஆவணி மாதம். காலண்டர் தொழிலில் ஆடிப்பெருக்கன்று புது மாதிரிகளின் ஆல்பம் வெளியிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த சில வாரங்களில்தான் பெரிய ஆர்டர்கள் விழும். அச்சக முதலாளி ரத்தினவேல் அண்ணாச்சி அந்த நாட்களில் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவே மாட்டார். எங்கள் விமானமோ பராமரிப்பு வேலைக்காகப் பெங்களூரு போயிருந்தது. வேலை முடிந்து, அன்று காலை கேப்டன் அதைக் காலியாக மதுரைக்குக் கொண்டுவர வேண்டும்.

காலை ஐந்தரைக்கு அண்ணாச்சி போன் செய்தார். "ஏம்மா பாக்கியம், எந்திரிச்சிட்டியா? சங்கரலிங்கம் பேசுனான்ம்மா. அவனா கூப்பிட்டுப் பேசுனான்!"

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். காரணம் இருந்தது. எங்கள் விமானத்தில் பங்கில்லாத, நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் சங்கரலிங்கமும் அண்ணாச்சியும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். சங்கரலிங்கத்தின் கம்பெனிக் காலண்டர் எல்லாம் அண்ணாச்சியின் அச்சகத்தில்தான் ஓடும். ஒரு வருஷம் தீபாவளிக்கு வர வேண்டிய காலண்டர் கார்த்திகைக்கு வந்தது. சங்கரலிங்கம் சத்தம் போட்டார். அண்ணாச்சி, "அப்ப வேற ஆளைப் பாருலே" என்றார். சங்கரலிங்கம் உண்மையிலேயே வேறு ஊரில் ஆளைப் பார்த்துவிட்டார். ஆறு வருஷமாக எதிரெதிரே வந்தால்கூட இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அன்றைக்கு சங்கரலிங்கத்தின் ஒரே மகளுக்குக் கல்யாணம். சிவகாசியில் மண்டபம். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. முந்தின நாளே வந்திருக்க வேண்டியவர், விமானம் ஒரு நாள் தள்ளிப்போய், விடிகாலையில்தான் பெங்களூருவில் வந்து இறங்கியிருக்கிறார். அங்கிருந்து மதுரைக்கு அவர் பிடிக்க வேண்டிய விமானமும் ரத்து. கார் வைத்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னால் வர முடியாது. இந்த நிலைமையில்தான் யாரோ சங்கரலிங்கத்திடம், ரத்தினவேலின் விமானம் அங்கேதான் நிற்கிறது, காலியாகத்தான் வரப்போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி. உங்க விருந்தாளின்னு எழுதிக்கிடுதேன்" என்றேன்.

"எழுதிக்கோ, எழுதிக்கோ. இன்னொரு விசயம் கேளு. சும்மா வேண்டாம்லே, இந்த வருசக் காலண்டர் ஆர்டர் பூராம் உனக்குத்தான்னு சொல்லிட்டாம்மா!"

நான் படுக்கையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆர்டர் சாதாரணமானது அல்ல. அச்சகத்தில் அந்த சீசன் முழுக்க இரண்டு மெஷினுக்குச் சோறு போடும்.

"அண்ணாச்சி, அது வாடகை."

"எது வாடகை? அவன் நெல்லு குடுத்தானா, பணம் குடுத்தானா? ஆர்டர்தானம்மா."

"பிளேன்ல ஏத்துனதுக்காகக் குடுக்காருல்ல. ஏத்தாட்டி குடுப்பாரா?"

 நான் தொடர்ந்தேன். "ஆர்டர் வேணுமா, மாப்பிள்ளை வரணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் சேர்ந்துச்சுன்னா நான் பயணத் தாளுல கையெழுத்துப் போட மாட்டேன். கேப்டனும் எடுக்க மாட்டாரு."

அண்ணாச்சிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆறு வருஷத்துக்கு அப்புறம் ஒரு மனுஷன் பேசியிருக்கிறான், அதில் வந்து மண்ணைப் போடுகிறாயே, நீ மனுஷியா என்று கேட்டார். எனக்கும் கோபம் வந்தது. நானும் இரண்டு வார்த்தை சொன்னேன். அதை இங்கே சொல்ல வேண்டாம்.  பிறகு அவர் மெதுவாக, "சின்னப் புள்ளையில இருந்து பாத்த புள்ளம்மா அது. ஆர்டர் கெடக்கட்டும். மாப்பிள்ளையக் கூப்பிட்டு வரச் சொல்லு" என்றார்.

அண்ணாச்சி பெரிய மனுஷர் என்று அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். பிரச்சினை அத்துடன் முடிந்தது என்றும் நினைத்தேன். அது என் இரண்டாவது தவறு. கால் மணி நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"ஆர்டர் வேண்டாம், சும்மா கூட்டிட்டு வாரோம்னு சொன்னேன். அவன் என்ன சொல்லுதான் தெரியுமா? உங்கிட்ட நான் இனாம் வாங்கணுமாலே, என் மக கல்யாணம் உன் தருமத்துலயா நடக்கணும்னு கேட்டுட்டுப் போனை வச்சுட்டாம்மா."

சங்கரலிங்கத்தை எனக்கு லாரி ஆபீஸ் நாட்களிலிருந்தே தெரியும். எங்கள் டிரைவர் ஒரு டீ வாங்கித் தந்தால் மறுநாள் தேடிவந்து இரண்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள். யாரிடமும் எதையும் சும்மா வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய சொத்து. அதைத்தான் இப்போது நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கேப்டனைக் கூப்பிட்டேன். "ஏழே முக்காலுக்குக் கிளம்ப நேரம் குடுத்திருக்காங்க. அதை விட்டா பதினொண்ணுக்குத்தான்" என்றார். மாப்பிள்ளைப் பையன் பெட்டியோடு அவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டானாம், முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கிறதாம். அப்போது மணி ஆறு நாற்பது. என்னுடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு விட்டேன். திருத்தங்கலிலிருந்து பக்கம்தான். ஆனால் கேட்டில் ரயிலுக்காக நின்றுவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான கூட்ஸ் வண்டியை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மண்டபத்தில் சமையல் மணம் தெருவரை வந்தது. நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை என்பது வாசலில் பன்னீர் தெளிக்கிற சின்னப் பெண்வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதது போல எல்லோரும் நடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கரலிங்கம் சாமான் அறையில் தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே பட்டு வேட்டியோடு தனியாக நின்றார்.

"முதலாளி, ஏழே முக்காலுக்குப் பிளேன் கிளம்பணும்" என்றேன்.

"வாடகைய வாங்கச் சொல்லு, கிளப்பச் சொல்லு."

"வாடகைக்கு விட எங்களுக்கு அனுமதி கிடையாது. அண்ணாச்சி வீம்புக்கு வேண்டாங்கலை. வாங்குனா தப்பாயிரும்."

"சரி, இப்ப வேண்டாம். ஒரு வருசம் கழிச்சு யாருக்கும் தெரியாமச் செஞ்சுருதேன்."

"அப்பவும் கூடாது."

"அவன் மக கல்யாணத்துக்கு நகையாப் போடுதேன்."

"இதுக்குன்னு நினைச்சுப் போட்டா அதுவும் கூடாது முதலாளி."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அப்ப நான் எப்படித்தான் ஈடு கட்டுறது?"

"கட்டக் கூடாது. அதுதான் சட்டம்."

நான் சொன்ன மறுமொழிகளிலேயே கடுமையானது அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த மனுஷர் தேங்காய் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். சுவர்க் கடிகாரம் ஏழு பத்து காட்டியது. எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இன்னொரு பக்கம் பற்றிக்கொண்டும் வந்தது. "உங்க கௌரவத்தைத் தட்டுல வச்சு அந்தப் புள்ளைக்குச் சீராக் குடுக்கப் போறீகளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது அதிகம்தான். ஆனால் அளந்து பேச நேரம் இருக்கவில்லை.

கதவருகே வளையல் சத்தம் கேட்டது. மணப்பெண். பாதி அலங்காரத்தில் எழுந்து வந்திருந்தாள். ஒரு பக்கம் ஜிமிக்கி, மறுபக்கம் வெறும் காது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"அத்தை, அப்பா சும்மா வாங்கிக்கிட்டா மட்டும் போதுமா? வேற ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

"வேற ஒண்ணும் செய்யவே கூடாதும்மா" என்றேன்.

அவள் அப்பாவின் பக்கத்தில் குனிந்தாள். "அப்பா, எனக்காக ஒரே ஒரு தடவை வாங்கிக்கோங்கப்பா."

சங்கரலிங்கம் அவளுடைய வெறும் காதைப் பார்த்தார்.  பிறகு போனை எடுத்தார். மறுமுனையில் அண்ணாச்சி எடுத்த வேகத்தைப் பார்த்தால் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்திருப்பார் போல.

"ஏலே ரத்தினம்."  தொண்டையைச் செருமிக்கொண்டார். "சும்மாவே கூட்டிட்டு வாலே."

அண்ணாச்சி என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.  அழுதுவிட்டேன் என்று பிற்பாடு அவரே சொன்னார். நான் அங்கேயே தேங்காய் மூட்டை மேல் தாளை வைத்து, 'உரிமையாளரின் விருந்தாளி, கட்டணம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக் கேப்டனுக்கு அனுப்பினேன். ஏழு முப்பத்தெட்டு.

விமானம் ஒன்பது இருபதுக்கு மதுரையில் இறங்கியது. அண்ணாச்சி தன் காரோடு விமான நிலைய வாசலில் நின்றார், மாப்பிள்ளையை அவரே கூட்டிக்கொண்டு வந்தார். விருதுநகர் தாண்டும்போது ஒரு தடவை, திருத்தங்கல் நெருங்கும்போது ஒரு தடவை எனக்குப் போன். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கார் மண்டப வாசலுக்கு வந்தது. நாதஸ்வரக்காரர்கள் அன்றைக்கு ஊதிய ஊதலில் மண்டபத்து ஓடு கழன்றுவிடும் போலிருந்தது. தாலி கட்டும்போது அண்ணாச்சி கடைசி வரிசையில் நின்றார். சங்கரலிங்கம் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் சாப்பிடப் போய்விட்டேன். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கியிருக்கவில்லை.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். மறுப்பதாக இருந்தால் எஞ்சின் கிளம்புவதற்கு முன்னால் மறுத்துவிடுங்கள். மறுத்துவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளாதீர்கள். எந்த வழியில் போனால் சரி என்பதையும் நீங்களே தேடிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், அதற்கு ஸ்கூட்டரில் போக வேண்டியிருந்தாலும் சரி. கூடாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம் அளவு சம்பளம் தேவையில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. கார்த்திகை மாதம் சென்னையிலிருந்து விமானத் துறை அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். தனியார் விமானத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டார்கள், வாடகைக்குப் பதில் பெரிய அச்சு ஆர்டர் கைமாறியது என்று யாரோ பெயர் போடாமல் கடிதம் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட எழுத்தாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. நிரூபணமானால் விமானம் நின்றுபோகும், கேப்டன் பிழைப்புக்கும் ஆபத்து, என் நாற்காலியும் போகும். தாள்களை எல்லாம் எடுத்து வைத்தேன். அவர் நிதானமான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு, "பெண்ணின் தகப்பனாரைப் பார்க்க வேண்டும்" என்றார்.

சங்கரலிங்கம் கையில் சுருட்டிய காலண்டரோடு மாடி ஏறி வந்தார். அந்த வருஷத்துக் கம்பெனிக் காலண்டர். மேஜையில் விரித்துக் காட்டினார். அடியில் வெளியூர் அச்சகத்தின் பெயர் இருந்தது. "இந்த வருசமும் இங்கன அடிக்கலை சார். இந்தம்மா கூடாதுன்னுட்டாக" என்றார்.

அது உண்மை. கல்யாணம் முடிந்த மறுவாரம், தனியாக ஒரு வியாபாரமாகவே ஆர்டரைக் கொடுக்கலாமா என்று அவர் என்னிடம் வந்து கேட்டார். சட்டம் வரிக்கு வரி அப்படித் தடுக்கவில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு எது எதற்காக என்று பிரித்துத் தெரியாது, அந்த ஆர்டர் மட்டும் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதிகாரிக்கு எதிரே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியால் அந்தக் காலண்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். "சிவப்பு மங்கியிருக்கு" என்று தனக்குள் முனகினார். நான் முறைத்தேன்.

அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்டார். நகை? இல்லை. பாத்திரம்? இல்லை. பட்டாசு? இல்லை. பிறகு வாக்குமூலம் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டினார். "இந்தப் பயணத்துக்குப் பதிலாக நான் எதுவும் தரவில்லை. இனியும் தர மாட்டேன்."

சங்கரலிங்கம் பேனாவை வாங்கினார். முதல் வாக்கியம்வரை அவருக்குச் சங்கடம் எதுவும் இல்லை, இரண்டாவதில் நின்றுவிட்டார்.

"இனியும்னு போடணுமா சார்?"

"போட்டால் நல்லது. இந்தக் கோப்பை இத்தோடு மூடிவிடலாம்."

சங்கரலிங்கம் அண்ணாச்சியைப் பார்த்தார். அந்தக் கையெழுத்து விழுந்தால், யாரிடமும் கடன் வைக்காத அந்த மனுஷர் ஆயுசு முழுக்க ஒருவரிடம் கடன்பட்டவர். அந்தக் காலண்டர் ஆர்டரும் அண்ணாச்சிக்கு இனி எந்தக் காலத்திலும் இல்லை. இரண்டும் இரண்டு பேருக்கும் தெரியும். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 

"போடுலே சங்கரா" என்றார் அண்ணாச்சி. "அவரை எம்புட்டு நேரம் காக்க வைப்ப?"

சங்கரலிங்கம் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி அதிகாரியிடம் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார்.

"மத்தியானச் சாப்பாடு உன் வீட்லதாம்லே. வீட்டுல சொல்லிரு."